தள்ளாடுவது ஆளா, கேமராவா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, முத்தியால்பேட்டையில் நண்பர் ஒருவருடைய வீட்டு மாடியறையில் நாங்கள் 14 பேர் கூடி ஒரு படம் பார்த்தோம். வெளிநாட்டுப் படங்களைக் கூடிப் பார்த்துப் பேசுவது புதுச்சேரிக்குப் புதிதன்று. அலியான்ஸ் பிரான்சேஸிலும் ஆரோவில்லிலும் அது நெடுநாளாக நடக்கிறது. எங்களுடையது அவ்வளவு முறையான ஏற்பாடன்று. ஒரு வெள்ளைத் துணி, ஒரு ப்ரொஜெக்டர், பிளாஸ்டிக் நாற்காலிகள், இடைவேளையில் தேநீரும் சுண்டலும் என்ற அளவில் நடப்பது. அன்று திரையிட்டது, ஹன்டர் எஸ். தாம்சன் எழுதிய நூலைத் தழுவி டெரி கில்லியம் இயக்கி 1998-இல் வெளிவந்த 'ஃபியர் அண்ட் லோதிங் இன் லாஸ் வேகஸ்'. இடைவேளையிலேயே 4 பேர் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். கடைசி வரை இருந்தவர்களிலும் சிலர் தலைவலி என்றார்கள். சிலர் இதைவிடச் சோகமான படத்தை அண்மையில் பார்த்ததில்லை என்றார்கள். ஒரே துணியில் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்த்தவர்கள், ஆளுக்கொரு படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களைப் போல இரவு பத்தரை மணி வரை வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.

போதையைப் பொருளாகக் கொண்டு, கனவும் நனவும் கலந்துவரும் பாணியில், ஒரு நூலைத் தழுவி எடுக்கப்படும் படங்கள் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் இப்படித்தான் பார்வையாளர்களை இரண்டாகப் பிரிக்கின்றன. பிடித்தவர்கள் மற்றவர்களுக்கு ரசனை போதாது என்கிறார்கள்; பிடிக்காதவர்கள் மற்றவர்கள் பாசாங்கு செய்கிறார்கள் என்கிறார்கள். இரண்டும் பொருந்தாத குற்றச்சாட்டுகள் என்பது என் கருத்து. பிரிவினைக்குக் காரணம் பார்ப்பவருடைய ரசனையில் இருப்பதைவிட, கேமரா எங்கே நிற்கிறது என்பதிலும், நூலில் இருந்த ஏதொன்று படத்துக்கு வரும்போது இடம் மாறிவிடுகிறது என்பதிலும் இருக்கிறது. இவ்வகைப் படங்களுக்குப் புதியவர்கள் இந்த இரண்டையும் புரிந்துகொண்டால், படம் பிடிக்காமல் போனாலும் ஏன் பிடிக்கவில்லை என்பதையாவது தெளிவாகச் சொல்ல முடியும்.

முதலில் கேமராவைப் பார்ப்போம். நம் படங்களில் குடித்தவர் ஒருவர் வரும் காட்சி எதையாவது நினைத்துக்கொள்ளுங்கள். 1953-இல் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த 'தேவதாஸ்' படத்தில், நாகேஸ்வர ராவ் போதையில் துவண்டு 'உலகே மாயம்' என்ற பாடலைப் பாடுவது எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கெல்லாம் மனப்பாடம். அந்தக் காட்சியில் துவள்வது தேவதாஸ் மட்டுமே. சுவர் சுவராக இருக்கிறது, தரை தரையாக இருக்கிறது, கேமரா நிதானமாக இருக்கிறது. அவனுக்கு உலகம் மாயமாகத் தெரிகிறது என்று அவன் பாடுகிறான். ஆனால் நமக்கு அந்த உலகம் மாயமாகத் தெரிவதில்லை. நாம் வெளியே நின்று அவனுக்காக இரங்குகிறோம். இதை வெளிப்பார்வை என்று வைத்துக்கொள்ளலாம். பேருந்து நிலையத்தில் விழுந்துகிடக்கும் ஒருவரைக் கடந்துபோகும்போது நமக்குக் கிடைப்பதும் இந்தப் பார்வைதான். சனி, ஞாயிறுகளில் பாண்டிக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் தனிப்பயிற்சியே உண்டு என்று சொல்ல வேண்டும்.

கில்லியம் தம் படத்தில் இதைத் தலைகீழாக்குகிறார். ரவுல் டியூக் என்ற பத்திரிகையாளனும் (ஜானி டெப்), அவனுடைய வழக்கறிஞரான டாக்டர் கான்ஸோவும் (பெனிசியோ டெல் டோரோ) ஒரு சிவப்புத் திறந்த காரில் பாலைவனத்தின் வழியே லாஸ் வேகஸுக்குப் போகிறார்கள். பெயருக்கு வேலை ஒன்று இருக்கிறது, 'மிண்ட் 400' என்ற மோட்டார் பந்தயத்தைப் பற்றி எழுத வேண்டும். காரின் பின்பெட்டி நிறையப் போதைப்பொருள்கள். தொடக்கத்தில், வௌவால்கள் தன்னைச் சூழ்ந்துவிட்டதாக நினைத்து டியூக் கையை வீசும்போது, நமக்குப் பெரும்பாலும் அவன் வீசுவதுதான் தெரிகிறது. அதுவரை நமக்கு ஒரு கால் வெளியே இருக்கிறது. ஹோட்டல் வரவேற்பறைக்குள் நுழைந்தவுடன் அந்தக் காலையும் படம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. தரைவிரிப்பில் நெய்திருக்கும் கொடிகள் நகரத் தொடங்கி, அங்கே நிற்கும் ஒருவருடைய காலில் ஏறுகின்றன. மேசைக்குப் பின்னால் பெயர்களைச் சரிபார்க்கும் பெண்மணி வழக்கமான மரியாதையோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய முகம் உப்பி, நீண்டு, கடலில் பாறையிடுக்கில் கிடக்கும் விலாங்கைப் போலாகிறது. அதற்கடுத்து மதுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் பெரிய பல்லிகளாகிவிடுகிறார்கள். இவற்றைப் பார்த்து மிரள்கிற டியூக்கின் முகத்தை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்திருந்தால் அது 'தேவதாஸ்' வழி. பல்லிகளையே நமக்குக் காட்டுவது உள்பார்வை. இங்கே தள்ளாடுவது ஆள் மட்டுமன்று, கேமராவும்தான்.

இதைச் செய்வதற்கு இயக்குநரும் ஒளிப்பதிவாளர் நிக்கோலா பெக்கோரினியும் கையாண்ட வழிகளுள் இரண்டை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். உங்கள் கைபேசி கேமராவில் 0.5 என்ற தேர்வு இருந்தால், அதை வைத்துக்கொண்டு நண்பரின் முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் பிடியுங்கள். மூக்கு பெருத்து முன்னால் வரும், காதுகள் பின்னால் ஓடிவிடும், அவருக்குப் பின்னாலுள்ள அறை நீண்ட மண்டபமாகத் தெரியும். இதுதான் அகலக்கோண லென்ஸின் இயல்பு. பக்கத்தில் இருப்பதை மிகைப்படுத்தித் தொலைவில் இருப்பதைச் சுருக்கும். அடுத்தது சாய்வு. கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதுபோலப் படப்பிடிப்பிலும் கேமரா மட்டமாக நிற்கிறதா என்று பார்த்துத்தான் பொதுவாகப் படமெடுப்பார்கள். அந்த மட்டத்தை வேண்டுமென்றே குலைத்தால், ஆள் நேராக நின்றாலும் அறை சரிந்துவிடும். ஒவ்வொரு போதைப்பொருளுக்கும் ஒளி, வண்ணம், லென்ஸ் ஆகியவற்றைத் தனித்தனியாக மாற்றும் திட்டம் ஒன்றையும் இவர்கள் முன்கூட்டியே வகுத்திருந்தார்கள். ஆகவே தலைவலி என்று சொன்னவர்கள் படத்தைப் புரிந்துகொள்ளாதவர்கள் அல்லர். படம் செய்ய நினைத்ததை அவர்களுடைய உடல் சரியாகவே அறிவித்திருக்கிறது.

சர்ரியலிசம் என்ற சொல் இவ்வகைப் படங்களோடு ஒட்டிக்கொண்டே வருவதால் அதையும் ஒருமுறை தொட்டுவிடுவது நல்லது. தமிழில் மீயதார்த்தம் என்று எழுதுகிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். 'சுர் என்றால் மேலே, அவ்வளவுதான், பயப்படாதீர்கள்' என்று அவர் அன்று சொன்னது எந்த அகராதியைவிடவும் உதவியாக இருந்தது. 1917-இல் கவிஞர் அப்போலினேர் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்; 1924-இல் ஆந்த்ரே பிரெத்தோன் வெளியிட்ட அறிக்கையால் அது ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. கனவின் தர்க்கத்தை விழிப்பின் தர்க்கத்துக்குக் கீழே வைக்காமல் இரண்டையும் ஒன்றாகக் கலந்து பார்ப்பது அதன் நோக்கம். 1929-இல் இயக்குநர் லூயி புனுவெல், ஓவியர் சல்வதோர் தாலியுடன் சேர்ந்து எடுத்த குறும்படத்தைப் பாரீஸில் முதன்முதலாகத் திரையிட்டபோது, பார்வையாளர்கள் தாக்க வந்தால் திருப்பி எறிவதற்காகச் சட்டைப்பையில் கற்களை வைத்துக்கொண்டு நின்றதாகப் புனுவெல் பிற்காலத்தில் எழுதினார். கற்களுக்கு வேலை வரவில்லை, கைதட்டல்தான் வந்தது. ஆனால் 1930-இல் வெளிவந்த அவருடைய அடுத்த படத்தின்போது வலதுசாரிக் குழுவினர் அரங்குக்குள் புகுந்து திரையில் மையை வீசினார்கள். சில நாள்களில் படத்துக்குத் தடையும் வந்தது. எங்கள் மாடியறையில் 4 பேர் அமைதியாக எழுந்துபோனதை இந்த வரலாற்றோடு ஒப்பிட்டால் மிகவும் நாகரிகமான எதிர்ப்பு என்றே சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அசல் சர்ரியலிசப் படைப்பில் விந்தைகளுக்குக் காரணம் சொல்லப்படுவதில்லை. அவை நிகழ்கின்றன, அவ்வளவே. போதைப் படத்தில் விந்தைக்குக் காரணம் முதல் காட்சியிலேயே கையில் கொடுக்கப்பட்டுவிடுகிறது. அவன் உட்கொண்டான், அதனால் பல்லி தெரிகிறது. காரணம் கிடைத்துவிட்டதால் பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் பல்லிக்குப் பொருள் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். அது வெறும் மருந்தின் வேலை, இன்னும் எத்தனை பல்லி காட்டுவார்கள் என்று சலிப்படைகிறார்கள். மற்றொரு பகுதியினரோ சூதாட்ட மேசையைச் சுற்றி இரவெல்லாம் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும் அந்த ஊர்க்காரர்களைப் பல்லிகளாகக் காட்டியதில் ஒரு தீர்ப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். படம் இரண்டுக்கும் இடம் தருகிறது. என்னைக் கேட்டால், முதல் அரைமணி நேரத்தில் இரண்டாவது வாசிப்பும், அதன்பின் கொஞ்ச நேரத்துக்கு முதல் வாசிப்பும் சரியென்று படுகிறது. ஒரே வித்தையை இயக்குநர் ஓரளவுக்கு மேல் நீட்டித்தான் விட்டார்.

விந்தையைப் பொறுத்துக்கொள்ளாதவர்கள் நம்மவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கடலூரில் பேருந்துக்காக நிற்கும் நாயகி கண்ணை ஒருமுறை மூடித் திறந்தால் சுவிட்சர்லாந்துப் பனிமலையில் வேறு புடவையில் ஆடுகிறாள். அவளுக்கு விசா எப்படிக் கிடைத்தது என்று திரையரங்கில் ஒருவரும் கேட்டதில்லை. ஏனென்றால் அங்கே ஒரு வாசல் இருக்கிறது. கண்ணை மூடுகிறாள், இசை தொடங்குகிறது, நாம் உள்ளே போகிறோம். பாட்டு முடிகிறது, பேருந்து வருகிறது, நாம் வெளியே வந்துவிடுகிறோம். பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் எழுதிய 'குயில் பாட்டு' முழுவதும் ஒரு விந்தைதான். ஊருக்கு மேற்கேயுள்ள மாஞ்சோலையில் குயில் பேசுகிறது, குரங்கும் மாடும் அதற்குக் காதலராகின்றன. இறுதியில் கவிஞர் கண்விழிக்கும்போது அவரைச் சுற்றிப் பழைய சுவடிகளும் எழுதுகோலும் பத்திரிகைகளும் பழம்பாயும் கிடக்கின்றன. அந்தப் பழம்பாய்தான் வாசல். இவ்வளவு நேரம் பார்த்தது கற்பனையின் சூழ்ச்சி என்று சொல்லி நம்மை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அதன் பிறகே இதற்கு வேதாந்தப் பொருள் சொல்ல இடமிருக்கிறதா என்று புலவர்களை அவர் கேட்கிறார்.

கில்லியம் படத்தில் பழம்பாய் கிடையாது. காட்சிகள் மாறும்போது போதை தெளிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பவருக்குச் சொல்ல ஆளில்லை. கடலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த ஒருவர், தெருக்கூத்துக்கு மத்தளம் வாசிப்பவர், அன்றைய வாதம் முழுவதிலும் சொன்னது ஒரே வாக்கியம்: 'இதுல கட்டியங்காரன் இல்லீங்களே.' எனக்கு அது சுருக்கென்று பட்டது. விடிய விடிய நடக்கும் கூத்தில் முதலில் வருபவன் கட்டியங்காரன். துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து வெளிப்படும்போது அவனை யாரென்று கேட்டு நமக்கு அறிமுகம் செய்பவனும் அவனே, ராஜாவைக் கேலி செய்பவனும் அவனே, நடுநிசியில் தூங்கிவழியும் கூட்டத்தைப் பார்த்து நேரே பேசுபவனும் அவனே. வேடக்காரருக்கு ஆவேசம் ஏறிக் கூத்தும் நிஜமும் கலந்துவிடும் கட்டங்கள் கூத்தில் உண்டு; அப்போதுகூடச் சுற்றி நிற்பவர்கள் ஆளைப் பிடித்துக்கொண்டு, விபூதி இட்டு, அவரை மீண்டும் மனிதராக்குவார்கள். பார்ப்பவருக்குக் கரை எங்கே இருக்கிறதென்று தெரியும்.

ஆனால் மத்தளக்காரர் சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். படத்தில் கதைசொல்லும் குரல் உண்டு. நூலின் வாக்கியங்களை ஏறக்குறைய அப்படியே டியூக்கின் குரலில் படம் முழுக்கக் கேட்கிறோம். கட்டியங்காரன் இல்லாமலில்லை, கட்டியங்காரனே குடித்துவிட்டு வந்திருக்கிறான். நம்பத்தகாத கதைசொல்லி என்று இலக்கிய விமரிசனத்தில் சொல்வது இதைத்தான். நூலைத் தழுவும்போது என்ன இடம் மாறுகிறது என்ற இரண்டாவது கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தாம்சனுடைய நூல் பிறந்த கதையே விசித்திரமானது. 1971-இல் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' என்ற விளையாட்டுப் பத்திரிகை, அந்த மோட்டார் பந்தயத்தின் புகைப்படங்களுக்கு 250 சொற்களில் குறிப்பு எழுதித் தரும்படி அவரைக் கேட்டது, அவர் 2500 சொற்களை எழுதி அனுப்பினார், பத்திரிகை மறுத்துவிட்டது. பின்னர் அது வளர்ந்து, அதே ஆண்டு நவம்பரில் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் இரண்டு பகுதிகளாக வந்து, 1972-இல் நூலாயிற்று. வழக்கறிஞர் நண்பர் ஒருவருடன் அவர் உண்மையாகவே மேற்கொண்ட இரண்டு பயணங்களைக் கலந்து எழுதியது அது. எவ்வளவு நடந்தது, எவ்வளவு கட்டிச்சேர்த்தது என்று பிரித்தறிய முடியாதபடி எழுதுவதுதான் அவருடைய பாணி.

அந்த நூலை வாசிக்கும்போது நமக்கு இரண்டு டியூக்குகள் கிடைக்கிறார்கள். ஒருவன் ஹோட்டல் வரவேற்பறையில் வெலவெலத்து நிற்கிறான். மற்றவன் பிற்பாடு தட்டச்சுப்பொறியின் முன் உட்கார்ந்து, கூர்மையான, நகைச்சுவை மிகுந்த, ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்ட வாக்கியங்களில் அதை எழுதுகிறான். அவ்வளவு துல்லியமாக எழுத முடிகிறதென்றால் எழுதுகிறவன் தெளிந்த பிறகு எழுதுகிறான் என்பது வாசகருக்குச் சொல்லாமலே விளங்கும். வாக்கியத்தின் நிதானமே நாம் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி. படத்தில் அதே வாக்கியம் அதே குரலில் வருகிறது. ஆனால் அது ஒலிக்கும்போது திரையில் பல்லி இருக்கிறது. கண்ணில் படும் பல்லி காதில் விழும் வாக்கியத்தைவிடப் பலமடங்கு வலியது. ஆக, சொல் ஒன்றுகூட மாறாமல் வந்திருந்தும், தெளிந்தவன் மறைந்து, தெளியாதவன் மட்டும் மிஞ்சுகிறான். நூலை முன்பே வாசித்தவர்கள் அந்தக் குரலை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறார்கள். வாசிக்காதவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை. எங்கள் 14 பேரில் நூலை வாசித்திருந்தவர்கள் 3 பேர். மூவருக்கும் படம் பிடித்திருந்தது என்பதில் எனக்கு வியப்பில்லை.

காலம் என்ற மற்றொரு வேற்றுமையும் உண்டு. புத்தகத்தை நாம் எந்த இடத்திலும் மூடி வைக்கலாம். கடற்கரைச் சாலை வரை நடந்துவிட்டு வந்து தொடரலாம். தாம்சனுடைய பக்கங்களைப் பத்துப் பத்தாக வாசிப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றும். 118 நிமிடப் படமோ மூச்சுவிட இடம் கொடுப்பதில்லை. அப்படி மூச்சுவிடக் கிடைக்கும் ஓரிடம் படத்தின் நடுவில் வருகிறது. டியூக் இரவில் தனியாக உட்கார்ந்து, 1960-களின் நடுவில் சான் பிரான்சிஸ்கோவில் இளைஞர்கள் தாங்களே வென்றுகொண்டிருப்பதாக நம்பிய அந்த நாள்களை நினைத்துப்பார்க்கிறான். பேரலையொன்றின் முகட்டில் சென்றுகொண்டிருந்தோம், அந்த அலை எதுவரை வந்து உடைந்து திரும்பியது என்ற தடத்தை இப்போது மேட்டில் நின்று மேற்கே பார்த்தால் காணலாம் என்ற பொருளில் ஒரு பகுதி. போதை இங்கே கேளிக்கையாக இல்லை. தோற்றுப்போன ஒரு தலைமுறையின் எச்சமாக இருக்கிறது. 1971 என்பது வியட்நாம் போர் முடியாத காலம். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் குடியரசுத் தலைவர் நிக்சன் போதைப்பழக்கத்தை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். இது தெரிந்தவருக்கு அந்த ஒரு பகுதி படம் முழுவதற்கும் திறவுகோலாகும். தெரியாதவருக்கு அது சத்தம் கொஞ்சம் குறைந்த இரண்டு நிமிடம். சோகமான படம் என்று சொன்னவர்களும் தலைவலி என்று சொன்னவர்களும் பிரியும் இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நூலுக்கு உண்மையாக இருப்பது என்றால் என்ன என்பதற்கு எதிர்த்திசையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வில்லியம் பரோஸ் எழுதி 1959-இல் பாரீஸில் வெளியான 'நேக்கட் லஞ்ச்', எந்த வரிசையிலும் வாசிக்கலாம் என்று ஆசிரியரே சொன்ன துண்டுகளின் தொகுப்பு. அமெரிக்காவில் ஆபாச வழக்கைச் சந்தித்து, 1966-இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்தில் விடுதலை பெற்றது. 1991-இல் அதைப் படமாக்கிய டேவிட் குரோனன்பெர்க், நூலில் உள்ளதை அப்படியே எடுத்தால் பெருஞ்செலவாகும், எல்லா நாடுகளிலும் தடையும் வரும் என்று கருதி, நூலை எழுதிய மனிதரின் வாழ்க்கையையே கதையாக்கினார். பரோஸ் இளமையில் பூச்சிமருந்து அடிக்கும் வேலை பார்த்தவர். 1951-இல் மெக்சிகோ நகரில் மனைவியைச் சுட்டுக் கொன்றுவிட்டவர். படத்தின் நாயகனும் பூச்சிமருந்து அடிப்பவன். அவனுடைய தட்டச்சுப்பொறி வண்டாக மாறி அவனுக்குக் கட்டளையிடுகிறது. கில்லியம் நூலின் சொற்களைக் காப்பாற்றினார்; குரோனன்பெர்க் சொற்களை விட்டுவிட்டு எழுதுவதன் பயங்கரத்தைக் காப்பாற்றினார். அங்கே கேமரா ஆடுவதேயில்லை. வண்டு பேசும்போதும் அது அலுவலக மேசையைப் படமெடுப்பதுபோல நிதானமாக நிற்கிறது. அதனால் தலைவலி வராது. மாறாக, ஒருவிதக் குளிர்ச்சியான அருவருப்பு வரும். தழுவலாக இரண்டில் எது மேல் என்று கேட்டால் நான் தயங்காமல் குரோனன்பெர்க்கைச் சொல்வேன். அந்தப் படமும் கனடாவில் 8 ஜெனி விருதுகளைப் பெற்றது, வசூலில் வீழ்ந்தது. பிரிவினையிலிருந்து அதுவும் தப்பவில்லை.

'ஃபியர் அண்ட் லோதிங்' 1998 மே மாதம் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டது. அமெரிக்க விமரிசகர் ரோஜர் ஈபர்ட் நான்கில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார். சுமார் 1 கோடியே 85 லட்சம் டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்கத் திரையரங்குகளில் சுமார் 1 கோடியே 6 லட்சம் டாலர்தான் ஈட்டியது. பின்னர் வீட்டில் வட்டுகளாகப் போட்டுப் பார்த்தவர்களிடையே அதற்கு ஒரு பக்தர் கூட்டமே உருவாயிற்று. நிறுத்திப் பார்க்கவும், திரும்பப் பார்க்கவும், வேண்டிய காட்சியை மட்டும் பார்க்கவும் வழி கிடைத்தவுடன், படத்தைப் புத்தகம்போல வாசிக்க முடிந்தது என்பதே இதற்குக் காரணமாக எனக்குப் படுகிறது.

இனி, இடைவேளையில் எழுந்துபோனவர்களில் ஒருவருடைய குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும். அவர் லாஸ்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர். மறுநாள் கடையில் பார்த்தபோது, 'சார், இது போதைக்கு விளம்பரம். பசங்க பார்த்தா என்ன ஆகும்?' என்று கடுமையாகவே கேட்டார். இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தூக்க மாத்திரைக்குச் சீட்டில்லாமல் வந்து நிற்கும் பிள்ளைகளை அன்றாடம் திருப்பியனுப்புகிற மனிதர் அவர். உள்பார்வையில் எடுக்கும் எந்தப் படத்துக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. உள்ளே இருப்பவனுக்குத் தன் நிலை கண்டிக்கத்தக்கதாகத் தெரியாது, ஆகவே படத்துக்கும் தெரியாததுபோலத் தோன்றும். நம் திரையரங்குகளில் நாயகன் கோப்பையைத் தொட்டவுடன் திரையின் கீழ்மூலையில் எச்சரிக்கை வாசகம் வந்துவிடுகிறது. அது அரசு நியமித்த கட்டியங்காரன். கில்லியம் படத்தில் அதைப் போல எழுத்தில் எதுவும் வருவதில்லை. ஆனால் அதன் வேலையைச் செய்யும் ஒரு காட்சி இருக்கிறது. படத்தின் கடைசிப் பகுதியில், ஆளரவமற்ற ஓர் உணவகத்தில்.

அங்கே நடுவயதைத் தொட்ட பணிப்பெண் ஒருத்தி தனியாக வேலை பார்க்கிறாள். கான்ஸோ ஒரு காகிதத்தில் ஆபாசமாக எழுதி அவளிடம் நீட்டுகிறான். அவள் பயப்படவில்லை, கோபப்படுகிறாள், போலீஸைக் கூப்பிடுவேன் என்கிறாள். அவன் கத்தியை எடுக்கிறான். தொலைபேசிக் கம்பியை அறுக்கிறான். அதுவரை எட்டுக் கோணலாக இருந்த படம் இங்கே திடீரென்று அடங்கிவிடுகிறது. முகங்கள் நீளவில்லை, வண்ணங்கள் உருகவில்லை, பல்லி வரவில்லை. டியூக் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். அவளுடைய முகத்தில் கோபம் வடிந்து பயம் ஏறுவதை, தெளிந்த கண்ணால் பார்ப்பதுபோல நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. படம் முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தவர்கள் எங்கள் அறையில் இந்த இடத்தில் சிரிக்கவில்லை. டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

நாங்கள் இடைவேளை விட்டதோ, டியூக் ஊரைவிட்டு ஓடிப்போய் நெடுஞ்சாலையில் போலீஸ்காரரிடம் அகப்படும் கட்டத்தில். அமெரிக்கப் படத்துக்கு இடைவேளை கிடையாது. சுண்டல் ஆறிவிடும் என்பதற்காக நாங்களாகப் போட்டது. எழுந்துபோன 4 பேரும் பார்த்தது போதையின் உள்பக்கத்தை மட்டுமே. அது வெளியே இருப்பவர்மேல் என்ன செய்கிறது என்ற பாதியை அவர்கள் பார்க்கவேயில்லை. இதை மருந்துக்கடை நண்பரிடம் சொன்னேன். ஒரு மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்தார். மடிக்கணினியில் அந்த உணவகக் காட்சியை மட்டும் போட்டுக் காட்டினேன். முடிந்த பிறகு சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அந்தம்மா மூஞ்சிதான் சார் படம். மத்தது எல்லாம் எதுக்கு?' என்றார். மற்றது எல்லாம் முன்னால் வராமல் இருந்திருந்தால், கேமரா அசையாமல் நின்றதே நமக்குத் தெரிந்திருக்காது என்று சொன்னேன். அதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.